விரிசல் விட்ட அடுப்பு

கியூம்ரி நகரில் எரிவாயு நின்று அது இரண்டாவது குளிர்காலம். மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் வந்தால் பெரிது. நிலநடுக்கத்தில் வீடு போனதிலிருந்து வர்செனிக்கின் குடும்பம் ஓர் இரும்புப் பெட்டி வீட்டில் ஒண்டியிருந்தது. கணவன் மிசாக்குக்கு இடிபாட்டில் நசுங்கிய கால். மகன் எல்லைப் போரில். மருமகள் நாசிக்குக்குப் பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். சுவரின் உட்பக்கமெல்லாம் உறைபனி. அன்று காலை குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. வர்செனிக்கை உலுக்கியது அதுதான்.

இடிந்த வீட்டின் நிலவறையில் மாமனார் காலத்து வார்ப்பிரும்பு அடுப்பு கிடந்தது. கடப்பாரையால் கல்லைப் புரட்டி, துண்டு துண்டாக வெளியே எடுத்து, தகரக் குளியல் தொட்டியில் போட்டுப் பனியில் இழுத்து வந்தாள். நகங்கள் இரண்டு பிய்ந்துவிட்டன. செங்கல் துண்டால் துருவைத் தேய்த்தபோதுதான் பக்கத் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது.

"களிமண்ணு, சாம்பல், உப்பு. பிசைஞ்சு அப்பு. ஆனா காயணும். ஈரத்தோட மூட்டினா உதிர்ந்துரும், புகை நம்மளக் கொன்னுரும்" என்றான் மிசாக்.

அப்பினாள். ஒரு மணி நேரத்தில் களிமண் காய்வதற்குப் பதில் உறைந்து, தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி அப்பினாள். மறுபடி உதிர்ந்தது. தகட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பக்கத்துப் பெட்டி வீட்டில் சிரானுஷிடம் மட்டும் தகர அடுப்பு எரிந்தது. துணிக்கொடிச் சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. வர்செனிக் தகட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரு, என் கொடியை அறுத்த மகாராணியா? என்னத்த அறுக்க வந்த இன்னிக்கு?"

"அக்கா, இந்தத் தகடு காயணும். ஒரு மூலை குடுங்க. அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க."

சிரானுஷ் அவள் விரல்களைப் பார்த்தாள். "குழந்தை எங்க?"

"பெட்டிக்குள்ள. அழ மாட்டேங்குது."

"அறிவு கெட்டவளே, இரும்பத் தூக்கிட்டு வந்திருக்கியே. போ, முதல்ல அதுங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

நாசிக்கும் குழந்தையும் அங்கே போனார்கள். தகடு இரண்டு நாள் அந்தத் தகர அடுப்போரம் காய்ந்தது. மூன்றாம் நாள் பூட்டி, காகிதமும் சுள்ளியுமாகச் சின்னத் தீ வைத்தார்கள். இணைப்பில் புகை கசிந்தது. இருமி இருமி மிசாக்கை வெளியே இழுத்துப் போட்டு, கசிந்த இடத்தில் மண் அப்பி, மறுநாள் மறுபடி மூட்டினாள். இந்த முறை புகை குழாய் வழியே ஒழுங்காக ஏறியது. நாசிக்கும் குழந்தையும் திரும்பி வந்தார்கள்.

எரிக்கத்தான் எதுவும் இல்லை. தெரு மரங்களை ஊரே வெட்டித் தீர்த்திருந்தது. அலமாரி போயிற்று, பிறகு கட்டில். மிசாக் தன் ஊன்றுகோலை நீட்டினான்.

"இதையும் போடு."

"அப்புறம் எதை ஊனி நடப்பீங்க?"

"எங்க போகப் போறேன் நான்?"

அவள் வாங்கவில்லை. சன்னிக் காய்ச்சல் கண்டு பத்தொன்பதாம் நாள் அவன் இறந்தான், முதுகு அடுப்பைப் பார்த்தபடி. அதற்கு முந்தின வாரமே குழந்தையின் அழுகை பக்கத்துப் பெட்டி வீடு வரை கேட்கத் தொடங்கியிருந்தது. அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த வர்செனிக், சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, தரைப் பலகையில் ஒன்றைப் பெயர்த்தாள்.