அப்பாவின் முகமும் பிராந்திக் கடையும்

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, செங்கல்பட்டில் நான் படித்த பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், டிவியில் என் அப்பாவின் முகம் வந்தது. அடுத்து ஒரு பிராந்திக் கடை. மறுபடியும் அப்பாவின் முகம். மாணவர்கள் எடுத்த படம், நம் பள்ளியைப் பற்றியது என்று மட்டும்தான் ஹெட்மாஸ்டர் அறிவித்திருந்தார். கூட்டம் சிரித்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

அந்த வருடம் ஒரு வாத்தியார் எங்களுக்கு சினிமா வகுப்பு எடுத்தார். கல்யாண வீடியோக் கடையிலிருந்து கேமராவும், காட்சிகளை ஒட்ட இரண்டு வீடியோ டெக்கும் கொண்டுவருவார். முகம் எதையும் சொல்லாது, அடுத்து ஒட்டுகிற காட்சிதான் சொல்லும் என்பது அவருடைய முதல் பாடம். ஒரு முகத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தை ஒட்டிக் கதையாக்க வேண்டும், அதுதான் பயிற்சி. அப்பா பள்ளி வேன் ஓட்டியதால் அவர் முகம் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. கடையை வாத்தியாரே எடுத்துக் கொடுத்தார்.

அப்பாவின் கண்கள் சிவந்திருந்ததன் காரணம் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். விடியுமுன் மாமல்லபுரம் போய் மீன் லோடு ஏற்றிவந்து இறக்கிவிட்டுத்தான் அவர் வேனை எடுப்பார். வேறு வேலை பார்த்தால் நிறுத்திவிடுவோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். "இன்னா சார் இது? இந்தாளு வண்டிலயா எம் புள்ளைங்கள அனுப்பிகினு கீறேன்?"

சிரிப்பு நின்றது. வாசலில் நின்ற அப்பாவை அழைத்து வந்தார்கள். எல்லார் முன்னாலும் ஹெட்மாஸ்டர், "ஊதுய்யா" என்றார். அப்பா ஊதினார். வாடை இல்லை. அப்புறம் கண் ஏன் இப்படி என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இது வகுப்புப் பயிற்சி, இரண்டும் வேறு வேறு நாளில் எடுத்தவை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். வாத்தியார் டெக்குக்குப் பக்கத்திலேயே நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகியும் அவர் ஒயர் சுருட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. திறக்காத என் வாயையும்தான். இப்போது படூரில் என் மகளின் பள்ளியில் மீடியா வகுப்புக்குச் சம்மதம் கேட்டு அனுப்பிய காகிதம் மூன்று நாளாகக் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அவள் யார் முகத்தை எதோடு ஒட்டப்போகிறாளோ.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வேலைக்கு இன்னா சார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

வாத்தியார் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பொண்ணு பிரமாதமா பண்ணிக்கீதுண்ணா. அம்பதுக்கு நாப்பத்தெட்டு போட்டுக்கீறேன்."

மீதி இரண்டு மார்க்கை எதற்குக் குறைத்தார் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.