துப்பாக்கிக்கு ஒரு மாநிலம்

ஆல்டன் வ்ராபெல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சமையலறை மேஜையில் அமெரிக்க வரைபடத்தை விரித்துப் போட்டார். முதல் காரியமாக நியூ ஜெர்சியின் மேல் குறுக்கே ஒரு கோடு. பிறந்தது, கல்யாணம் கட்டியது, காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தது எல்லாமே அங்கேதான். அத்தனையும் அந்த ஒரு கோட்டோடு சரி.

"துப்பாக்கி வெச்சிருக்கறவனைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கறானுங்க இங்க," என்றார். "நமக்கு ஏத்த மாநிலமா பார்த்துப் போயிடலாம் நோரீன்."

"போலாம், போலாம். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும், நான் ரொட்டி வாங்கப் போறதுக்கு அரை நாள் கார் ஓட்டக் கூடாது. அது இருந்தா நீ எந்தக் காட்டுல வேணா குடி வை," என்றாள் அவர் மனைவி நோரீன்.

ஆல்டனிடம் இருந்தது அப்படியொன்றும் ஆயுதக் கிடங்கு இல்லை. வேட்டைத் துப்பாக்கிகள், வாத்து சுடும் துப்பாக்கி, ஒரு கைத்துப்பாக்கி. அவற்றில் ஒன்று அவருடைய அப்பாவுடையது. சுரங்கத்தில் வேலை பார்த்த அந்த மனுஷன் மகனுக்கு விட்டுப்போன ஒரே சொத்து. ஆனால் ஆல்டன் அவற்றை வைத்திருந்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் போல்ட் என்கிற பின்பக்கத் தாழை இழுத்துத் திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் காட்டி, "காலி" என்று வாயால் சொல்லுவார். வாங்குகிறவரும் தன் கண்ணால் பார்த்து, "காலி" என்று சொல்ல வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் செய்கிறதுதான். ஆல்டனுக்கு அது பூஜை மாதிரி.

நோரீனுடைய தம்பி ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் பார்க்காமலே கை நீட்டி வாங்கிவிட்டான். ஆல்டன் துப்பாக்கியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அவன் மற்றொரு கையில் இருந்த பீரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார். "பார்க்காம வாங்கறவனுக்கு என் வீட்டுல ரெண்டும் கிடையாது." தம்பி கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசவில்லை. போகட்டும் கழுதை என்று இருந்துவிட்டார். லிஃப்ட் கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் கட்டின மனைவியைக்கூட ஏற விடாத ஆள் வேறு எப்படி இருப்பார்?

அந்த ஆளுக்குத்தான் மறதி வந்தது.

முதலில் சாவி, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர். ஒருநாள் வீட்டுக்குத் திரும்புகிற வழி. டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பக்குவமாகத்தான் சொன்னார், இது மறதி நோயின் ஆரம்பம், போகப் போகக் கூடும் என்று. ஆல்டன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அறையின் கோடியில் அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் நோரீன் பக்கம் குனிந்து, "வீட்டில் துப்பாக்கி இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள், தாமதிக்காதீர்கள்" என்று மெதுவாகச் சொன்னார்.

நோரீன் அதை ஆல்டனிடம் சொல்லவில்லை. இவரிடம் போய் எந்த வாயால் சொல்லுவது? மனுஷன் காரில் ஏறி உட்கார்ந்ததும், "டென்னசியில ஆரம்பிக்கலாமா?" என்கிறார். எதை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாதோ அதற்காகத்தான் நாட்டையே சுற்றி வீடு தேடப் போகிறார். சொல்லாமலும் இருக்க முடியாது. வீடு வாங்குவதற்குள் சொல்லியாக வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டு அவள் பெட்டியைக் கட்டினாள்.

துப்பாக்கிகள் டிக்கியில் பூட்டிய பெட்டிக்குள் வந்தன, தோட்டாக்கள் தனிப் பெட்டியில். ஒவ்வொரு மாநில எல்லையிலும் சட்டம் மாறுகிறது என்று ஆல்டன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். சில சமயம் பார்த்ததை மறந்து மறுபடி இறங்குவார். நோரீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

டென்னசியில் எல்லாம் பிடித்தது, புழுக்கத்தைத் தவிர. டெக்சசில் துப்பாக்கிக் கடைக்காரன் இவரை மாமன் மச்சான் போலக் கட்டிக்கொண்டான். வெளியே வந்தால் கார்க் கதவு கையைச் சுட்டது. "இங்க இருந்தா மானை அடுப்புல வைக்கவே வேணாம், அதுவே வெந்து வந்து நிக்கும்," என்றாள் நோரீன். அரிசோனாவில் பக்கத்து மனைக்காரன் பேசிக்கொண்டே துப்பாக்கியின் வாயை ஆல்டனின் முழங்காலுக்கு நேரே நீட்டினான். அந்த மாநிலமே அன்றோடு தள்ளுபடி. வயோமிங்கில் காற்று அவருடைய தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது, திரும்பி வரவேயில்லை.

அப்படித்தான் மொன்டானா வந்தது.

எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருந்தாள் நோரீன். இருந்தும் மலைச்சரிவில் வண்டி திரும்பி அந்த வானம் திறந்தபோது, கையில் வைத்திருந்த காபியைக் குடிக்க மறந்துபோனாள். இவ்வளவு பெரிய ஆகாசத்தை இத்தனை நாள் யார் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்! பனி உருகாத மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அதற்கு முன்னால் ஒரு சின்ன ஊர், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ரொட்டிக் கடை. ஆல்டன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

"அடேங்கப்பா," என்றார் கடைசியில். அதற்கு முன் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததாக நோரீனுக்கு நினைவே இல்லை.

வாடகைக்கு ஒரு மரவீடு எடுத்துத் தங்கினார்கள். ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், துப்பாக்கி சுடும் மைதானம். அதைக் கவனித்துக்கொண்டது ட்வைலா ஹௌகன் என்ற பெண்மணி. மாடு வளர்க்கிற விதவை. குரல் மட்டும் ஊரையே கூட்டும். நோரீனுக்கு முதல் நாளே காபியும் பட்டை போட்ட ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"நீங்க சுட மாட்டீங்களா?"

"தொட்டதுகூட இல்லைங்க. அவரோட சக்களத்தி அது."

"நல்லா பளபளன்னுதான் வெச்சிருக்காரு சக்களத்தியை," என்றார் ட்வைலா.

ஆல்டன் அங்கே தினமும் போனார். அந்த ஊர்க்காரர்களோடு சிரித்தார், பழைய கதைகளைத் தப்பில்லாமல் சொன்னார். வீட்டுத் தரகரை வரச் சொல்லியாயிற்று. நோரீன் வைத்த கெடு நெருங்கிவிட்டது.

தரகர் வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள். காலை வெயில். ஆல்டன் அப்பாவின் துப்பாக்கியோடு சுடும் மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தார், இன்னும் சிலர் வரிசையாக, நோரீன் பின்னால் பெஞ்சில். திடீரென்று ட்வைலாவின் குரல்: "சுடறதை நிறுத்துங்க!"

மலையிலிருந்து எல்க் மான்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே. குதிரை உயரம் இருக்கும் ஒவ்வொன்றும். குறி அட்டைகள் நட்டிருந்த புல்வெளியின் குறுக்கே, எங்களுக்கு இது வழி என்பது போல, நிதானமாக நடந்தன. தாய்கள் பூனைக்குட்டி போலச் சன்னமாகக் குரல் கொடுத்தன. அத்தனை பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல்! மூச்சு புகையாகப் போனது. நோரீனுக்கு உடம்பு சிலிர்த்தது. தாடிக்கார ஆண்கள் எல்லாம் கோயிலில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

இப்படி மைதானத்தில் எது குறுக்கே வந்தாலும் ஒரு முறை உண்டு. எல்லாரும் தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ட்வைலா ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆல்டனின் மேஜையில் நின்றார். அங்கே போல்ட் மூடியிருந்தது. துப்பாக்கியின் வாய் மான்களைப் பார்த்து இருந்தது.

"ஆல்டன், இது காலியா?"

"காலி," என்றார் ஆல்டன், மான்களிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நானே பார்த்தேன்."

ட்வைலா துப்பாக்கியை அசைக்காமல் போல்ட்டை மட்டும் மெல்லப் பின்னால் இழுத்தார். ஒரு முழுத் தோட்டா துள்ளி மேஜையில் விழுந்து உருண்டது.

ட்வைலா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நோரீனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ட்வைலா அந்தத் தோட்டாவை எடுத்து, ஆல்டனின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு அவர் பக்கத்திலேயே நின்று, கடைசி மான் மரங்களுக்குள் மறையும் வரை பார்த்தார்.

வண்டியில் ஏறும்போது ஆல்டன் கார்ச் சாவியை நோரீனிடம் நீட்டினார். அவர் சாவியை நீட்டியது அதுதான் முதல் தடவை.

"நான் பார்த்தேன் நோரீன்," என்றார். "அந்த அறை காலியா இருந்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இப்பக்கூடக் கேளு, காலியாத்தான் தெரியுது."

நோரீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆல்டன், டாக்டர் அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு…"

"அப்புறப்படுத்துங்க, தாமதிக்காதீங்க," என்றார் ஆல்டன். "கோட்டுக்குள்ள கைதான் மாட்டிக்கிச்சு, காது இல்லை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என்னை இந்தப் பாடு படுத்தினே? அப்புறம் எதுக்கு இத்தனை ஊர் சுத்தல்?"

"நியூ ஜெர்சியில யார்கிட்ட கொடுக்கறது சொல்லு? சிநேகிதன்கிட்ட கொடுத்து வைக்கணும்னாகூடக் கடை, காகிதம், போலீஸ். கண்ட கண்ட கையில விக்க மனசு வரல. இந்த மாதிரி மாநிலத்துல கைக்குக் கை கொடுக்கலாம். வாங்கறதுக்குச் சரியான கை இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்." உள்ளங்கையில் இருந்த தோட்டாவைப் பார்த்தார். "பொய் சொல்லக்கூடாது. வெச்சுக்கலாம்னும் ஒரு ஆசை இருந்துச்சு. இன்னிக்குக் காலை வரைக்கும் இருந்துச்சு."

மறுநாள் தரகர் வருவதற்கு முன்னால் ட்வைலாவின் வீட்டுக்குப் போனார்கள். ஆல்டன் சுற்றி வளைக்கவில்லை. ட்வைலாவும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கூடத்தில் ஆள் உயர இரும்புப் பெட்டி. "உள்ள ஏற்கனவே ரெண்டு பேரோடது இருக்கு. ஒருத்தருக்குப் பொண்டாட்டி செத்துப்போச்சு, தனியா இருக்கறப்ப ஏதாவது செஞ்சுக்குவேனோன்னு பயமா இருக்கு, கொஞ்ச நாள் வெச்சிருன்னாரு. இன்னொருத்தர் கதை வேற. இங்க அப்படித்தான், ஒருத்தருக்கு மோசமான காலம்னா இன்னொருத்தர் வெச்சுக்கறது," என்றார்.

ஆல்டன் ஒவ்வொன்றாக எடுத்தார். திறந்தார், காட்டினார், "காலி" என்றார். ட்வைலா பார்த்து, "காலி" என்று வாங்கினார். அந்த இரண்டு குரலைத் தவிர வீட்டில் சத்தமில்லை. கடைசியாக அப்பாவின் துப்பாக்கி. திறந்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். தன் கண்ணை நம்ப முடியாமல் திரும்பினார்.

"நோரீன், நீ பாரு."

கூட வாழ்ந்த காலமெல்லாம் அதைத் தொடாதவள் எழுந்து வந்தாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினாள். இரும்பு ஐஸ் போல இருந்தது. "காலி," என்றாள்.

"காலி," என்றார் ஆல்டன், அவள் சொன்னதை நம்பி. ட்வைலாவிடம் கொடுத்தார். "ஒண்ணு கேட்டுக்கணும். நான் வந்து திருப்பிக் கேட்பேன். கெஞ்சுவேன், திட்டுவேன். உங்களைத் திருடின்னுகூடச் சொல்லுவேன். கொடுக்கக் கூடாது."

"சொல்லிட்டுப் போங்களேன்," என்றார் ட்வைலா. "என்னை என் மாமியார் சொல்லாததா?"

ட்வைலாவின் தெருவிலேயே வீடு வாங்கினார்கள்.

இரண்டு பனிக்காலம் போனது. ஒரு மத்தியானம், தொப்பிகூட இல்லாமல், ஆல்டன் ட்வைலாவின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். நோரீன் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எங்கப்பாவோட துப்பாக்கி எங்கேடி? திருடி! என் வீடு பூந்து எடுத்துட்டுப் போயிட்டியே!"

நோரீன் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். கோபம் வரவில்லை, அவமானமும் வரவில்லை. சொன்ன சொல் மாறாமல் வந்து நிற்கிறார்! கெஞ்சுவேன், திட்டுவேன், திருடி என்பேன் என்று அன்றைக்கு எவ்வளவு தெளிவாகச் சொன்னார். எல்லாம் மறந்த இந்த மனுஷன் தனக்குள் ஒருநாள் வரப்போகிறான் என்று தெரிந்து, அவன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நாடு முழுக்க வண்டி ஓட்டி வந்தாரே. மறதிக்குள் போகும்போதும் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எப்பேர்ப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

ட்வைலா கதவைத் திறந்தார். "ஆமா ஆல்டன், நான்தான் திருடி. உள்ள வாங்க, ரொட்டி ஆறுது."

அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ரொட்டி வாசனைக்கு உள்ளே போய் உட்கார்ந்தார். தின்றுகொண்டே ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"அடேங்கப்பா. இது எந்த ஊரு?"

"மொன்டானா," என்றாள் நோரீன்.

"நல்ல ஊரு," என்றார் ஆல்டன். "துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கு ஏத்த ஊரு. நாம இங்கயே வந்துடலாமா?"

"வந்துடலாம்," என்று நோரீன் அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.