விற்காத பங்குகள்

தோல்நோய்ப் பிரிவில் வேலை பார்த்த அந்த நர்ஸுக்குச் சிகரெட், சாராயம், துப்பாக்கி எதுவும் ஆகாது. பங்கு வாங்கும்போதும் அந்தக் கம்பெனிகள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

"லாபம் கம்மியா வந்தா வரட்டும். நிம்மதியாத் தூங்கணும்ல?"

"அப்போ நம்ம பணம் சுத்த சைவம்னு சொல்லு" என்று கணவர் சிரிப்பார்.

தேடித் தேடி அவள் பிடித்தது, சூரியஒளி விளக்குகளுக்கு பேட்டரி செய்யும் கம்பெனி. தம்பி அங்கேதான் சூப்பர்வைசர். "புகையே இல்லாத தொழில்க்கா, கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றான். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் போட்டாள். யார் வீட்டிலாவது அந்த விளக்கைப் பார்த்தால் பூரித்துப் போவாள்.

ஒரு நாள் ஒரு பெண் கைகளுக்குக் கட்டுப்போட வந்தாள். விரல்களில் தோல் வழன்று கிடந்தது.

"எங்கேம்மா வேலை?"

"பேட்டரி கம்பெனில, ஆசிட் ஊத்துற எடம். கையுறை கிழிஞ்சு போச்சு. புதுசு கேட்டா, சூப்பர்வைசர் அடுத்த மாசம்ங்கிறாரு."

கட்டுப்போட்டபடியே நர்ஸ் கம்பெனிப் பேரைக் கேட்டாள்; தம்பி சூப்பர்வைசராக இருக்கும் அதே கம்பெனி.

அன்றே தம்பி வீட்டுக்குப் போய், கையுறை தராதது நீயா என்று கேட்டாள். அவன் மறுக்கவில்லை. "செலவைக் குறைன்னு மேல உள்ளவங்க உயிரை எடுக்கிறாங்க. உனக்கு லாபம் எங்கேருந்து வருதுன்னு நெனைச்சே?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"பேசாம வித்துட்டு வெளிய வந்துடு" என்றார் கணவர்.

"வித்தா, எதையும் கேக்காத ஒருத்தன் வாங்குவான். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?"

பங்குதாரர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தக் கைகளைப் பற்றிச் சொன்னாள். விசாரிப்பதாகத் தலைவர் வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறவில்லை, எல்லோருக்கும் புதுக் கையுறை வந்தது. பழியைத் தம்பி தலையில் கட்டி வேலையை விட்டும் தூக்கினார்கள். செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

தம்பி வாசலிலேயே நின்று கேட்டான்: "உன் மனசாட்சிக்கு என் பொழப்புதான் கெடைச்சுதாக்கா?"

"உன் பேரை நான் சொல்லலடா."

"சொல்லித்தான் தெரியணுமா?"

அதன்பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவள் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் போனாள். "செலவைக் குறைக்கச் சொன்னது யாரு?" என்று ஆரம்பித்ததுமே மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலே பேசினாள். முன்வரிசையில் இருந்த மேலதிகாரிகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்டு முடிக்கும்வரை அவள் உட்காரவுமில்லை.