ஷோகேஸில் வைத்த பீர்

என் மகள் மெல்பர்னில் பீர் காய்ச்சுகிறாள். அதுதான் அவள் வேலை. இங்கே மலேசியாவில், எங்கள் ஈப்போவில் இதை யாரிடம் சொன்னாலும் ஒரு நொடி வாயைத் திறந்து மூடுகிறார்கள். என் மச்சான் மட்டும், "டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன்னு சொன்னீங்க, இப்ப கள்ளுக்கடை வச்சிட்டீங்களே லா" என்று சிரித்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

சீனப் பெருநாள் சமயத்தில் வந்தவள், தானே காய்ச்சிய பீர் என்று நாலு டின் கொண்டுவந்தாள். ஒன்றை ஐஸ்பெட்டியில் குளிரவைத்து, இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றினாள். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பீர் என்றால் எனக்குக் கறுப்பு பீரும் ஐஸ் போட்ட மஞ்சள் பீரும்தான். இது மூக்கருகே வந்ததுமே பக்கத்துத் தம்புனில் விளையும் பொமலோவின், அதாவது பம்பளிமாஸ் பழத்தின், தோலை நகத்தால் கீறிய வாசனை. வாயில் வைத்தால், அடேயப்பா, என்ன கசப்பு! ஆனால் தொண்டையில் இறங்கியதும் இன்னொரு வாய் கேட்டது.

"ஹாப்ஸ்னு ஒரு பூப்பா. வாசம், கசப்பு எல்லாம் அதுதான். வாசம் சீக்கிரம் ஓடிப்போயிரும். மத்த மூணையும் ஐஸ்பெட்டியில வச்சு இந்த மாசமே குடிச்சிருங்க."

"சரிலா" என்றேன்.

அவள் விமானம் ஏறியதும் மூன்றையும் ஷோகேஸில் அடுக்கினேன். நம் வீடுகளில் நல்ல போத்தல் வேறு எங்கே இருக்கும்? யாரோ கொடுத்த பிராந்தி அங்கே வருஷக்கணக்காக நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் அவளுடைய பட்டமளிப்புப் படம், மாலை போட்ட அவள் அம்மா படம். வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று ஓர் ஆசை. அதைவிட, தனியாக உட்கார்ந்து குடிக்க மனம் வரவில்லை. மனைவி போன பிறகு இந்த வீட்டில் நான் தனியாகச் செய்யாத காரியமே இல்லை. இதையாவது மகளோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று பிடிவாதம். தீபாவளிக்கு வாரேன் என்றிருந்தாள்.

வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். தீபாவளியன்று மத்தியானம், வந்தவர்கள் முறுக்கைக் கடித்துவிட்டுப் போன பிறகு, போனில் முகம் காட்டினாள். கையில் பீர் கிளாஸ், மேலே வெள்ளையாக நுரை.

"நீ கொண்டாந்தது எங்கிட்டயும் இருக்கு" என்றேன் பெருமையாக. "இரு, ஒண்ணு திறக்கிறேன்."

"இன்னுமா வச்சிருக்கீங்க? எங்க வச்சீங்க?"

"ஷோகேஸ்ல."

"ஐயோ அப்பா! ஈப்போ சூட்டுலயா?"

ஊற்றினேன். பழைய தேயிலைத் தண்ணீர் நிறம். பொமலோ வாசம் போன இடம் தெரியவில்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை மோந்து பார்ப்பது போல் இருந்தது. கசப்பு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறுமுன் ஸ்டோரில் சேர்க்காவிட்டால் ரப்பர் பால் வாளியிலேயே உறைந்துவிடும் என்று தெரிந்த தோட்டத்துக்காரன் நான். என் புத்தி எங்கே புல் மேயப் போனதோ!

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குலா."

"பொய். நிறத்தைப் பாத்தாலே தெரியுது. கீழ ஊத்துங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ வருவேன்னுதான் வச்சிருந்தேன். வராதது நீ. இப்ப ஊத்துன்னு வேற சொல்றியா?"

அவள் எழுந்து போனாள். போன் ஆடியது, ஒரு கதவு திறந்தது. அவளுடைய ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் ஒரே ஒரு டின் நின்றது.

"ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்பா. அடுத்தது வந்ததும் பழசை ஊத்திருவேன். இங்க வாங்கன்னு கூப்பிடும்போதெல்லாம் நீங்களுந்தான் வாரேன் வாரேன்னு சொல்றீங்க."

விமானம் என்றாலே எனக்குப் பயம். அதைக் கோபத்தாலும் முட்டிவலியாலும் இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன். என் கிளாஸை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.

"அதை ஊத்திராதம்மா" என்றேன்.

"ஊத்தித்தான்பா ஆகணும். வச்சிருந்தா கெட்டுப்போயிரும்" என்று சொல்லிவிட்டு ஐஸ்பெட்டியை மூடினாள்.