பதினொரு பவுணும் ஒரு ஃபொயில் பேப்பரும்

போன சனிக்கிழமை இங்கே கனடாவில், மில்லிக்கன் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கையில் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். பின்னால் நின்றவருக்கு முப்பது வயதிருக்கும். கோட் சூட், பக்கத்தில் மனைவி. என் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அன்ரி, நீங்கள்தானே அந்த பீச்சிலை குப்பை கிளறுறவா?"

மனைவி அவருடைய முழங்கையில் ஓர் இடி இடித்தாள். நான் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. சொல்ல ஒரு பதில் இருந்தது... அதைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும். புரியாணி ஆறிவிடும்.

இங்கே ஆறுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சொல்கிறேன்.

என் பைத்தியம் உங்களில் பலருக்குத் தெரியும். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம். மெட்டல் டிடெக்டர் என்பது நீண்ட கைபிடியும் நுனியில் ஒரு வட்டத் தட்டும் உள்ள கருவி. நிலத்துக்கு மேலே வீசிக்கொண்டே நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் சத்தமிடும். சின்னத் திரையில் ஓர் இலக்கமும் வரும். அந்த இலக்கத்தை வைத்து ஆணியா, காசா, மோதிரமா என்று ஊகிக்கலாம். வேண்டாத இலக்கங்களுக்குச் சத்தமே வராதபடி அணைத்தும் வைக்கலாம். இந்தக் கடைசி வசதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

மிசிசாகாவில் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் ஃபைல்களோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு என்ன? கோயிலும் குடும்ப டொக்டரும் மட்டுமா? எனக்கு நானே வாங்கிய பரிசு இந்த டிடெக்டர். என் கணவருக்கு இது முதல் நாளிலிருந்தே பகிடி. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவார்: "உவ கனடாவைத் தோண்டித் தோண்டி ஒருநாள் யாழ்ப்பாணத்திலை ஏறப்போறா."

ஏறட்டும்! என் ஷோகேஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய மன்னர் ஒருவரின் தலை போட்ட வெள்ளிப் பத்துச் சதக் காசு இருக்கிறது. துருப்பிடித்த விளையாட்டுக் கார் இருக்கிறது. எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத ஒரு திறப்பு இருக்கிறது. இல்லாதவைதான் எனக்கு இன்னும் பெருமை: சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்த நான்கு மோதிரங்கள். தோண்டிய குழியை மூடு, உரியவர் கிடைத்தால் கொடு. இந்த விளையாட்டில் எனக்குள்ள சட்டம் இந்த இரண்டும்தான்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. பேசியவர் ரமணன். அவரும் மனைவி வதனியும் எங்கள் கோயிலில் கண்டு சிரிக்கிற அளவுக்குப் பழக்கம்.

"அக்கா, வதனியின்ரை தாலிக்கொடி துலைஞ்சு போச்சு. நேற்றுத் தேர் முடிஞ்சு அப்பிடியே லேக்குக்குப் போனனாங்கள். தண்ணிக்கை குளிக்கேக்கை கழண்டு விழுந்திட்டுது. பதினொரு பவுண். அவ அழுதபடி இருக்கிறா. நீங்கள் ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

பதினொரு பவுண்! ஆனால் நகை மட்டுமா போனது? எங்கள் பெண்களில் பாதிப்பேர் கொடியை வங்கி லொக்கரில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியோடு திரிகிறார்கள். ரமணன் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவருடைய அம்மாவைப் பொறுத்தவரை, கட்டின நாளிலிருந்து கழுத்தைவிட்டு இறங்கக் கூடாத சாமான் அது. ஒரே வீட்டில் மாமி, மாமியின் கண் முன்னால் வெறுங்கழுத்தோடு மருமகள்... அந்த வீட்டுச் சமையலறையை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

"வாறன்" என்றேன்.

முதலில் வீட்டில் ஒரு பரீட்சை செய்தேன். கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் என்னென்ன இலக்கம் வரும் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் எங்கள் கொடி என்ன இலக்கம் காட்டும்? இருபத்திரண்டு கரட், இத்தனை தடிப்பு... இந்த நாட்டுக் கையேடுகளில் அதற்கு விடை கிடையாது. என் கழுத்தில் கிடந்த ஒன்பது பவுணைக் கழற்றிப் பின்வளவுப் புல்லில் வைத்தேன். மேலே டிடெக்டரை வீசினேன்.

கணவர் கதவடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு கழட்டுறீர். ஏதும் முடிவெடுத்திட்டீரோ?"

"இன்னும் எடுக்கேல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

இலக்கம் கிடைத்துவிட்டது. அந்த இலக்கத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் அணைத்தேன். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையில் நம் சனம் கூடுகிற ஏரிக்கரை அது. பியர் போத்தல் மூடியும், தின்னக் கொண்டுவந்த ரோல்ஸைச் சுற்றிய அலுமினிய ஃபொயில் பேப்பரும் மணலுக்குள் கொட்டிக் கிடக்கும். அவற்றையெல்லாம் யார் தோண்டுவது? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு புறப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை நானும் ரமணனும் தண்ணீருக்குள் இறங்கினோம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார் மனிதர். வதனி கையைக் காட்டிய இடத்தில் கயிறு பிடித்துக் கட்டம் கட்டமாகத் தேடினோம். ஜூலை என்றாலும் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் எலும்பில் ஏறும். முழங்காலளவு, தொடையளவு, இடுப்பளவு... ஒரு சத்தமில்லை. புதன்கிழமையும் அப்படியே. ரமணனுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. கரையில் வதனி ஒரு மடக்குக் கதிரையில் இருந்தாள். தண்ணீரைப் பார்த்ததைவிட, பின்னால் இருந்த மரங்களைத்தான் அதிகம் பார்த்தாள். அதை நான் கண்டேன். கண்டும் யோசிக்கவில்லை.

அன்றிரவு கணவர் கேட்டார். "கெட்டிக்காரி என்ன சொல்லுறா?"

கெட்டிக்காரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ரமணன் வேலைக்குப் போய்விட்டார். வதனி மட்டும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தாள். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தைச் சுற்றிச் சால்வை, அந்த வெயிலில்.

"அக்கா, இது கொடியின்ரை சத்தம் எண்டு உந்த மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பழக்கிப்போட்டுத்தான் கொண்டந்தனான். என்ரையைக் கழட்டிப் புல்லிலை வைச்சு இலக்கம் பாத்தனான்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்கள்... கழட்டினனீங்களோ?"

"ஓம். கழட்டாமல் நானே புல்லிலை படுக்கிறதே?"

அவள் சிரிக்கவில்லை. பிளாஸ்கை மணலில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அது தண்ணிக்கை விழேல்லை."

நடந்தது இதுதான். பிள்ளைகள் குளிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொடியோடு தண்ணீரில் இறங்கப் பயம். கைப்பையில் வைக்கவும் பயம், போன வருஷம் அதே இடத்தில் யாரோ ஒருவரின் பை களவு போயிருந்தது. ரோல்ஸ் சுற்றியிருந்த ஃபொயில் பேப்பரில் கொடியைச் சுற்றி, மரத்தடியில் விரித்திருந்த பாயின் மூலைக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டாள். குப்பையை யார் களவெடுப்பான்? நல்ல யோசனைதான். அரைமணியில் இடியோடு மழை. பாயையும் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு எல்லோரும் காருக்கு ஓட்டம். வீட்டுக்குப் போய் மாமி "கொடி எங்கை?" என்று கேட்டபோதுதான் அவளுக்கு நினைவே வந்தது.

"கழட்டினனான் எண்டு சொல்ல வாய் வரேல்லை அக்கா. தண்ணிக்கை விழுந்திட்டுது எண்டு வந்திட்டுது. பிறகு எப்பிடி மாத்திறது? திங்கட்கிழமை விடியத் தனிய வந்து கரண்டியாலை கிண்டினனான். எல்லா மரமும் ஒரே மாதிரிக் கிடக்கு. உவர் ரெண்டு நாளா அந்தக் குளிர்த் தண்ணிக்கை நிக்கிறார். பாக்கப் பாக்க நெஞ்சு வெடிக்குது."

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அவள்மேல் அல்ல. ஃபொயில் பேப்பர்! ஃபொயில் சுற்றினால் கொடியின் இலக்கமே மாறிவிடும். கொடியின் இலக்கத்தைச் சல்லடை போட்டுத் தேடிய நான், அணைத்து வைத்ததே ஃபொயில் பேப்பரைத்தானே? வதனி வந்து சரியான மரத்தையே காட்டியிருந்தாலும் அதன் மேலேயே நடந்து தாண்டிப் போயிருப்பேன். ஆறு வருஷ அனுபவம்!

எல்லாச் சத்தத்தையும் திறந்துவிட்டேன். மரத்தடியில் டிடெக்டரை ஒரு தரம் வீசினேன்... தேர்த் திருவிழா தோற்றுப்போகும். நாலு அடிக்கு ஒரு சத்தம். முழங்காலில் இருந்தபடி ஒவ்வொன்றாகத் தோண்டினோம். முதல் ஃபொயிலுக்குள் அரை ரோல்ஸ். அடுத்ததில் கோழி எலும்பு. அடுத்ததில் யாரோ சுட்டு, மறந்துபோன சோளம். ஒவ்வொன்றையும் வதனி பிரிப்பாள், மூடுவாள், குப்பைப் பைக்குள் போடுவாள். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களை ஏரிக்கரையைத் துப்புரவாக்கும் தொண்டர்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் தலையாட்டினோம்.

இரண்டாவது மரம் முடிந்தது. மூன்றாவது மரம். பை நிறைந்துகொண்டு வந்தது. சால்வையை எப்போதோ கழற்றி எறிந்திருந்தாள். இனிக் கிடைக்காது என்று எனக்கே தோன்றத் தொடங்கிய நேரத்தில், வேருக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம். தோண்டினேன். உள்ளங்கை அளவு ஃபொயில் பொட்டலம். தூக்கினேன்.

பாரமாக இருந்தது.

நான் பிரிக்கவில்லை. அவளிடம் நீட்டினேன். அவளும் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

பிறகு கண்ணைத் துடைத்தாள். "அக்கா... தண்ணிக்கை எடுத்தது எண்டு சொல்லுவமே?"

உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எனக்கும் இனித்தது. இடுப்பளவு தண்ணீருக்குள் இருந்து தாலிக்கொடியை மீட்ட வீராங்கனை! ஊர் முழுக்கப் பேசும். ரோல்ஸ் பேப்பருக்குள் இருந்து எடுத்தேன் என்றால் யார் மதிப்பார்கள்?

"நான் வாய் திறக்கமாட்டன், வதனி. பொய்யும் சொல்லமாட்டன். கேட்டா நீரே சொல்லும்."

வேலை முடிந்து நேரே அங்கே வந்தார் ரமணன். மனைவியின் கழுத்தைப் பார்த்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு ஆழத்திலை கிடந்தது அக்கா?"

நான் ஏரியைப் பார்த்தேன். வதனி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள், பாயின் மூலையிலிருந்து மாமியின் கேள்வி வரை. குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. நாலு நாளாகத் தன்னால் முடியாமலிருந்த வேலையை அரை நிமிஷத்தில் செய்து முடித்தாள் அந்தப் பெண். அதற்காக நான் அவளைக் கும்பிடுகிறேன்.

ரமணன் அவளுடைய கழுத்தில் கிடந்த கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"கழட்டி வைச்சது நல்லதாப் போச்சு. போட்டுக்கொண்டு இறங்கியிருந்தா உண்மையாவே போயிருக்கும்" என்றார். பிறகு முகம் மாறியது. "அப்ப நான் ரெண்டு நாள் இடுப்பளவு தண்ணிக்கை நிண்டது?"

"கால் நல்லாக் கழுவுப்பட்டிருக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டார். "அம்மாவுக்கு நான் சொல்லுறன்" என்று அவரே சொன்னார். சொன்னாராம். மாமி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "அடுத்தமுறை லேக்குக்குப் போறதெண்டா வீட்டிலை கழட்டி வைச்சிட்டுப் போம்" என்றாராம்.

என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஃபொயில் பேப்பரைக் கேட்டு வாங்கிவந்தேன். ஷோகேஸில் வெள்ளிப் பத்துச் சதத்துக்குப் பக்கத்தில் கசங்கிப்போய் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். விளக்கம் சொல்கிறவர் யார் தெரியுமா? என் கணவர்! "உதுக்குள்ளை இருந்துதான் உவ பதினொரு பவுண் எடுத்தவ" என்று தானே கூடத் தோண்டியதுபோலச் சொல்லுகிறார். யாழ்ப்பாணப் பகிடியைக் கேட்டு இப்போது இரண்டு மாதமாகிறது.

"எழுதுங்கோ அக்கா. பெயரை மட்டும் மாத்துங்கோ" என்று வதனி சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கல்யாண மண்டபத்தில், அந்தக் கோட் சூட்காரர் கேள்வி கேட்ட அதே நேரம், நாலாவது மேசையில் பச்சைச் சேலைக்கு மேலே கொடி மின்ன வதனி சிரித்துக்கொண்டிருந்தாள். "ஓம் தம்பி, குப்பைதான் கிளறுறனான். அந்தப் பச்சைச் சேலைக்காரியின்ரை கழுத்தை ஒருக்காப் பாரும்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தேடிப் பார்க்காதீர்கள்... சேலையின் நிறத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.