ஞானசௌந்தரியின் உபசாரம்

குரோம்பேட்டையில் டாக்டர் சம்பந்தத்தின் பல் கிளினிக்குக்குப் போனவர்களுக்குப் பல்வலி மறந்தாலும் ஞானசௌந்தரியை மறக்காது. டோக்கன் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆனால் யார் வந்தாலும் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, ஊர், பேர் விசாரித்து, பிள்ளைகளுக்கு வரன் சொல்லும் வரை விடமாட்டாள். கணவர் போனபின் வீட்டில் பேச ஆளில்லை; அந்தப் பேச்சும் சேர்ந்து கிளினிக்கில்தான் இறங்கும். சர்ச்சில் பாடும்போதும் அவள் குரல்தான் முதலில் கேட்கும். தங்கமான மனுஷி, கொஞ்சம் சத்தமான தங்கம்.

இரண்டாயிரத்து ஆறு மே மாதம் ஜோதிலட்சுமி என்ற டீச்சர் தன் மகள் அஞ்சலியை அழைத்து வந்தாள். கல்லூரி வயதுப் பெண். கடைவாய்ப்பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, சோறு இறங்கவில்லை. போன கிளினிக்குகளிலெல்லாம் வாசலோடு திரும்பிவிட்டாளாம். கேட்டதும் ஞானசௌந்தரி உருகிவிட்டாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். டிவியில் கார்ட்டூன் போட்டாள். ஃபினாயில் நாற்றம் தெரியக்கூடாதென்று சென்ட் அடித்தாள். “வாடா கண்ணு” என்று வீங்காத கன்னத்தை வழித்தும் விட்டாள். அஞ்சலி காதைப் பொத்தி அலறிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

செருப்பை எடுத்துப்போக ஜோதிலட்சுமி சாயங்காலம் தனியாக வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவளுக்கு ஆட்டிசம். சத்தம், வாசனை, தொடுறது எல்லாம் ஒண்ணா வந்தா தாங்கமாட்டா.”

“அப்போ நான் ஆசையா செஞ்சது பூரா தப்பா?” ஞானசௌந்தரிக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆசை தப்பில்லக்கா. அவளுக்கு அது கொஞ்சம் கம்மியா வேணும்.”

மறுநாள் மதியம் அஞ்சலியை மறுபடி அழைத்துவரச் சொல்லி, மற்ற நோயாளிகளையெல்லாம் ஞானசௌந்தரி சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டாள். டிவி, ஃபேன் எல்லாம் நிறுத்தம். கண் சிமிட்டிக்கொண்டிருந்த டியூப் லைட்டையும் அணைத்தாள். “இந்த வெயில்ல ஃபேன் இல்லாம பல்லு புடுங்கணுமா? எனக்கு யாரு வைத்தியம் பாக்கறது?” என்று டாக்டர் முணுமுணுத்தார். அவள் முறைத்த முறைப்பில் அடங்கினார். எல்லாவற்றையும் அணைத்தவளுக்குத் தன் வாயை அடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அஞ்சலி வாசலில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துத் தானாக உள்ளே வந்து, சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு டாக்டரின் நாற்காலிக்குப் போனாள். “இப்ப ஊசி, கொஞ்சம் வலிக்கும்” என்று ஒவ்வொன்றையும் அவர் சொல்லிச் சொல்லிச் செய்தார். அழுதாள், நெளிந்தாள், ஆனால் ஓடவில்லை. பல் வந்துவிட்டது.

பஞ்சைக் கடித்தபடி மறுபடி மூலை நாற்காலிக்கே போய், மெல்ல ஆடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜோதிலட்சுமி பையை மாட்டிக்கொண்டு, “போலாமா அஞ்சலி?” என்றாள். அஞ்சலி தலையை ஆட்டி மறுத்தாள்.

ஜோதிலட்சுமி ஞானசௌந்தரியின் பக்கம் திரும்பினாள்.

“எங்க போனாலும் போலாம் போலாம்னு என்னை இழுக்கறது அவதான்கா. இன்னிக்கு நான் கூப்பிடறேன், அவ வரமாட்டேங்கறா.”