முளைக்காத இரண்டு முடிகள்

ஜெகதீஸ்வரி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் சிப் பார்த்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நல்லதையும் பழுதானதையும் பிரிக்கும் வேலை. தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கெலுகோரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார், கிடைத்தது.

இலைகளில் வாழும் மைட் என்னும் எட்டுக்கால் சிற்றுயிர்களைக் கண்ணாடித் தகட்டில் படுக்கவைப்பதுதான் அங்கே வேலை. ஒரு மைட் உப்புக்கல்லைவிடச் சிறியது. முதல் மாதம் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. பிறகுதான் முதுகு முடிகள் கண்ணில் பட்டன. எத்தனை ஜோடி, எந்த இடத்தில் என்பதை வைத்தே இனம் பிரிக்கிறார்கள் என்று அறிந்ததும், பார்க்கிற ஒவ்வொன்றிலும் எண்ணத் தொடங்கினார்.

ஒரு நாள் ஜாதிக்காய் இலையில் கிடைத்த ஒன்றில் கணக்கு இடித்தது. ஆய்வாளர் ஷாஹிராவை அழைத்தார்.

"டாக்டர், இதுக்கு ஒரு ஜோடி முடி இல்லலா."

"ஒடஞ்சிருக்கும்க்கா. ஸ்லைடு போடறப்ப ஒடையும்."

"ஒடஞ்சா வேர்க்குழியாச்சும் இருக்கணுமே? இங்க குழியே இல்ல. முளைக்கவே இல்ல டாக்டர்."

ஷாஹிரா நுண்ணோக்கியில் குனிந்து குழியைத் தேடிப் பார்த்தார். "இது ஒண்ணு மட்டும் இப்படிப் பொறந்திருக்கலாம். இன்னும் வேணும்க்கா."

சனிக்கிழமை இருவரும் அந்த இலை கிடைத்த பாலிக் பூலாவ் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் போனார்கள். முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடித்ததாகத் தோட்டக்காரர் சொன்னார். ஷாஹிராவின் முகம் விழுந்துவிட்டது. ஓடையோரம் மருந்து படாத மூன்று மரங்கள் நிற்பதை ஜெகதீஸ்வரிதான் பார்த்தார். அவற்றின் இலைகளில் பதினோரு பெண் மைட்டுகள் கிடைத்தன. ஒன்றுக்கும் அந்த ஜோடி இல்லை.

ஆண் மைட்டையும் பார்த்துவிட்டால் வகைப்படுத்துவது உறுதியாகும். வாரக்கணக்கில் கிடைக்கவில்லை. வளராத குட்டி என்று ஷாஹிரா ஒதுக்கியிருந்த தகட்டை ஜெகதீஸ்வரி ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.

"குட்டிக்கு வாய்க்கிட்ட வெரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அது எதுக்கு?"

ஷாஹிரா ஓடிவந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "அக்கா, இதுதான் ஆம்பள! அந்த வெரல் பொண்ணுக்குக் கெடையாது."

பழைய விவரிப்புகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முடியையும் அளந்து வரைந்து முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அது இதுவரை யாரும் பெயரிடாத இனம்தான். ஜெகதீஸ்வரியின் பெயரையே வைக்கலாம் என்றார் ஷாஹிரா.

"வேணாம் டாக்டர். கெடச்ச மரத்தோட பேர வைங்க. தேடுறவங்களுக்கு எங்க பாக்கணும்னு தெரியும்."

அப்படியே வைத்தார்கள். கட்டுரையில் ஷாஹிராவின் பெயரை அடுத்து ஜெகதீஸ்வரியின் பெயரும் வந்தது. மகள் காமினி அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "மா, இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டாள்.

"தெரியலடி. இன்னும் யாரும் பாத்ததில்ல."

திங்கட்கிழமை ஜெகதீஸ்வரி வழக்கத்தைவிட முன்னதாகவே ஆய்வகத்துக்குப் போய், ஓடையோர மரங்களிலிருந்து கொண்டுவந்த உயிருள்ள மைட்டுகள் மூன்றை ஓர் இலைத்துண்டில் விட்டு, நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.